புயல் போன பிறகு வருகிற தலைவலி

ஃபெஞ்சல் புயலைப் பற்றி எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி அது புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது, ஏறின பிறகும் நகராமல் மணிக்கணக்காக அங்கேயே நின்று கொட்டியது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தது, மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம் மூழ்கி எது பாத்தி எது வரப்பு என்று தெரியாமல் போனது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. எனக்கு எழுத வேண்டியிருப்பது அதற்கு அடுத்து வந்த ராத்திரிகளைப் பற்றி. கரண்ட் இல்லாத ராத்திரிகள்.

எங்கள் மரக்காணம் கடற்கரைக்கு இது புதிதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தது. 2020 நவம்பரில் நிவர் கிட்டத்தட்ட எங்கள் தலைமேலேயே கடந்தது. கார்த்திகை, மார்கழி வந்தாலே ஒரு புயலையாவது எதிர்பார்த்துத்தான் இருப்போம். காற்று வலுக்கும்போதே ஈ.பி.காரர்கள் லைனை நிறுத்திவிடுவார்கள், அது சரியான காரியம்தான். அப்புறம் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, டிரான்ஸ்பார்மரைத் தட்டி எழுப்பிக் கரண்ட் வர நாளாகும். தானேயின்போது கடலூர்ப் பக்கம் வாரக்கணக்கில் ஆனது.

தானே காலத்துக்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அப்போது ஜெனரேட்டர் என்றால் கல்யாண மண்டபத்திலும் ஐஸ் கம்பெனியிலும்தான் இருக்கும். இப்போது கையால் தூக்கக்கூடிய சின்ன பெட்ரோல் ஜென்செட் தெருவுக்கு ஒன்றிரண்டு இருக்கிறது. புயலுக்கு மறுநாள் அதுதான் ராஜா. மோட்டார் போட்டு மேல் டேங்க்கை நிரப்பித் தர ஒரு ரேட், செல்போன் சார்ஜுக்கு ஒரு ரேட் என்று தெருத்தெருவாகப் போகும். பொழுது சாய்ந்ததும் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பி ஃபேனையும் ஃபிரிட்ஜையும் ஓட்டும்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் வீட்டில் அது மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கிரில் கேட். சாரல் உள்ளே வரக் கூடாதென்று கேட்டுக்குக் குறுக்கே பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார். படிக்கட்டை ஒட்டினாற்போலப் படுக்கையறை ஜன்னல்.

"ஏண்ணே, இதை வெளிய வைக்கக் கூடாதா?"

"வெளிய வச்சா நனையும்டா தம்பி. நனையாத எடமா பாத்து வச்சா ராத்திரியோட ராத்திரியா எவனாவது தூக்கிக்கினு பூடுவான். நாப்பதாயிரம் ரூவா சாமான்."

இரண்டு காரணமும் நியாயம். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைப்பவர்களை முட்டாள் என்று நினைப்பது சுலபம். அவர் மழையையும் திருடனையும் யோசித்திருக்கிறார், கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆளை யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

காலையில் அண்ணி தலையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை வாந்தி. பெரிய பையனுக்கும் தலை சுற்றல், சின்னவள் எழுந்திருக்கவே இல்லை, உலுக்கினால் முனகினாள். "நேத்து கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம் ஒத்துக்கல போலத் தம்பி. புளி சாதம் ஊசிப்போயிருக்கும்" என்றார் அண்ணி. அதே பொட்டலத்தைச் சாப்பிட்ட அண்ணன் கல்லுமாதிரி நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும் ராத்திரி முழுக்கக் கடைக்குக் காவலாக வெளியே படுத்திருந்தார்.

சின்னவளைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டோம். ஒரு மணி நேரத்தில் அவள் பால் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று எவ்வளவோ சொன்னேன், ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் போகவில்லை. ஆகவே இது கார்பன் மோனாக்சைடுதான் என்பதற்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு எதுவும் என் கையில் இல்லை. ஆனால் அன்று சாயங்காலமே ஜென்செட்டை இடம் மாற்றினோம். அடுத்த ராத்திரி யாருக்கும் தலைவலி இல்லை. புளி சாதப் பொட்டலம் அன்றும் வந்தது.

கார்பன் மோனாக்சைடு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பெட்ரோலோ கரியோ விறகோ, எரிவதற்குப் போதுமான காற்று கிடைக்காவிட்டால் அரைகுறையாக எரியும். அதில் பிறப்பதுதான் இது. நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது, தொண்டை கரகரக்காது. சமையல் கேஸுக்கும் சொந்த வாசனை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றமடிக்கும் ஒரு பொருளை அதில் கலந்து அனுப்புகிறார்கள். அரைகுறைப் புகையில் கலந்து அனுப்ப ஆளில்லை.

ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதை டவுன் பஸ் என்று வைத்துக்கொண்டால், பிராணவாயு ஏறி இறங்குகிற பயணி. கார்பன் மோனாக்சைடு ஏறினால் லேசில் இறங்காது, சீட்டையும் விடாது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு, ஏற்கெனவே ஏறின பிராணவாயுவையும் உரிய இடத்தில் இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மூச்சு முட்டாது, மூளைக்கு மட்டும் பட்டினி. தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலிகூடத் தெரியாது. அப்படியே போய்விடுவார்.

கற்பனையாகச் சொல்லவில்லை. ஃபெஞ்சல் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, அதே 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரைக்குப் பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி.யிலிருந்து நிபுணர்கள் வந்து அதே வண்டியில் அதே ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்தார்கள். அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறியிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் வண்டிக்குள் பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 957 பங்கு கார்பன் மோனாக்சைடு. 800 பங்கு இருந்தாலே சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும்.

அந்த வருஷமே ஆகஸ்டில் கொடைக்கானல். விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய திருச்சி இளைஞர்கள் இரண்டு பேர் காலையில் எழுந்திருக்கவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தில் டாமன் என்ற மலையூரில், கேஸ் ஹீட்டர் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்த கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர். அதில் நான்கு குழந்தைகள். கரண்ட் போனதால் நடந்தது என்று பார்த்தால் அமெரிக்காவின் டெக்சஸ். 2021 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்து 45 லட்சம் வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் இல்லை. குளிர் தாங்காமல் கார் ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டார்கள், வீட்டுக்குள் கரி மூட்டினார்கள். ஹூஸ்டனில் ஒரு வீட்டில் தாயும் மகளும். மாநிலம் முழுக்கப் பத்துப் பேருக்கு மேல் இந்த வாயுவால் மட்டும் இறந்தார்கள்.

அங்கே பனி, இங்கே என்ன குளிர் என்று கேட்பீர்கள். மரக்காணத்தில் யாரும் குளிர் காய ஜெனரேட்டர் போடப்போவதில்லை, சரிதான். ஆனால் இந்த வாயுவுக்குக் குளிர் தேவையில்லை. எரிகிற ஒன்றும், சாத்திய கதவும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். அங்கே குளிர் கதவைச் சாத்த வைக்கிறது. இங்கே சாரலும் வாடையும் கொசுவும் சாத்த வைக்கின்றன. புயல் மழைக்குப் பிறகு பக்கிங்காம் கால்வாய் ஓரமும் கழுவேலி ஏரி ஓரமும் கொசு எப்படி இருக்கும் என்று இங்கே ஒரு ராத்திரி தங்கினவர்களைக் கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வை என்று சொல்கிறவர் வந்து எங்களோடு படுக்கட்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வீடு மாறிவிட்டது என்பது. கீற்றுக் கொட்டாய் காலத்தில் உள்ளேயே அடுப்பு எரியும், கூரை முழுக்கப் புகை கசியும். கிழவிகளுக்கெல்லாம் இருமல், கண்ணில் நீர். அந்த வீட்டைப் புகழ என்னால் முடியாது, தானே வந்தபோது கூரை எங்கே போனதென்று தேடிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஓட்டைக் கூரை ஒரு வேலை செய்தது. எந்த வாயுவையும் உள்ளே தங்கவிடவில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் காங்கிரீட் வீடுகள் வந்தன. இப்போது கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு என்று சொல்லி, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்துக் கட்ட வைக்கிறார்கள். நல்ல திட்டம், வரவேற்கிறேன். புயலுக்குத் தாங்கும் வீடு வேண்டும். ஆனால் கொட்டாயில் பழகிய கையோடு காங்கிரீட் வீட்டுக்குக் குடிபோகிறோம். கொட்டாயில் செய்ததையெல்லாம் இங்கேயும் செய்கிறோம். ஸ்லைடிங் ஜன்னல், ரப்பர் பட்டி, ஏ.சி. போடுவதற்காக அடைத்த வெண்டிலேட்டர். கொட்டாயின் ஓட்டைகள் நமக்குத் தெரியாமலே காப்பாற்றிக்கொண்டிருந்தன. புது வீட்டில் அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்திருக்கிறது.

ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத வீட்டில் இந்த வாயு வேறு வேஷத்தில் வரும். உப்பளத்தில் வேலை தை, மாசியில் தொடங்கி மழை வரும் வரைதான். ஐப்பசி முதல் மார்கழி வரை கையில் காசிருக்காது. அதனால்தான் அரசாங்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக வருஷத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது. அந்த வீடுகளில் புயலன்று கேஸ் தீர்ந்தால் ஈர விறகு. கொசுவுக்குச் சட்டியில் உமியும் வேப்பிலையும். அப்புறம், பிள்ளை பெற்ற வீடாக இருந்தால், சாம்பிராணி.

இதைச் சொன்னால் எங்கள் ஆயா சண்டைக்கு வரும். குழந்தையைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கொட்டாங்கச்சித் தணல் மேல் சாம்பிராணியைத் தூவி, அந்தப் புகையில் குழந்தையின் தலைமுடியைக் காட்டிக் காய வைப்பது இங்கே இன்றைக்கும் உண்டு. எனக்கு அந்த வாசனை பிடிக்கும், மறைக்க மாட்டேன். மழைக்காலத்தில் பச்சை உடம்புக்காரிக்குக் காற்று பட்டுவிடக் கூடாதென்று அறையை இழுத்துச் சாத்திவிடுவார்கள். சாம்பிராணி போட்டு முடித்ததும் தணல் சட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைப்பார்கள், அறை கதகதப்பாக இருக்கட்டும் என்று.

"பொகையே வரலியே, அது என்னா பண்ணப்போவுது?" என்றது ஆயா.

அங்கேதான் எல்லாரும் ஏமாறுவது. புகை நின்று சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் தணல்தான் கார்பன் மோனாக்சைடை அதிகமாகக் கக்கும். புகையிருந்தால் இருமி எழுந்துவிடுவோம். புகையில்லாத நெருப்பு நல்ல நெருப்பு என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். கைக்குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடும், ஆகவே வேகமாக உள்ளே இழுக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரி இருந்தால் இன்னும் மோசம்: அவளுக்கு லேசான தலைவலியோடு போகலாம், வயிற்றில் இருப்பதற்கு அது பெரிய அடி. ஆயாவிடம் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை. கதவைத் திறந்துவைத்துப் போடு, முடிந்ததும் சட்டியைத் தெருவுக்குக் கொண்டு போய்த் தண்ணி ஊத்து என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செய்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. அதை மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று படுத்துவிடாதீர்கள். அந்தக் கருவி ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது. கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்தையும் நல்ல பிராணவாயு ஏறின ரத்தம் என்றே அது எண்ணிக்கொள்ளும். சாகக் கிடப்பவருக்கும் 98 காட்டும். சரியாகத் தெரிந்துகொள்ள ரத்தத்தில் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்ற வேண்டுமென்றால் நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "வாந்தி, தலைவலி" என்று மட்டும் சொன்னால், புயல் நேரத்தில் வயிற்றுக்கோளாறு மாத்திரைதான் கொடுப்பார்கள். "ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓடிச்சு", "ரூமுல தணல் வச்சிருந்தோம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். 108-க்கு அடித்தாலும் அதையே சொல்லுங்கள்.

சந்தேகப்பட வைக்கும் அடையாளம் ஒன்று உண்டு. காய்ச்சல் இல்லாமல், வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். வெளியே வந்தால் தேவலாம் போலிருக்கும், உள்ளே போனால் மறுபடி வரும். வீட்டுக்குள் படுக்கிற நாயோ பூனையோகூடச் சுருண்டு கிடக்கும். சாப்பாட்டுக் கோளாறு வாசலைப் பார்த்துக் குறையாது.

சிகிச்சை பெரும்பாலும் எளிமையானதுதான்: முகமூடி வைத்து முழு ஆக்சிஜன். சாதாரணக் காற்றில் இருந்தால் ரத்தத்தில் ஏறின விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அதனால்தான் "கொஞ்ச நேரம் காத்தாட உக்காந்தா சரியாப்போயிடும்" என்பது போதாது. மயங்கி விழுந்தவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, நெஞ்சுவலிக்காரர் என்றால் யோசிக்கவே வேண்டாம், புதுச்சேரி ஜிப்மரோ முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியோ, எது வழியில் திறந்திருக்கிறதோ அங்கே போக வேண்டும். தேறிவிட்டார் என்று வீட்டுக்கு வந்தவருக்குச் சில நாள், சில வாரம் கழித்து ஞாபக மறதி, நடையில் தள்ளாட்டம் என்று வருவதும் உண்டு. அப்போது பழைய கதையை டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

கனடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கம். 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில் டொரோண்டோவில் பனிமழை கொட்டி 3 லட்சம் இணைப்புகள் கரண்டில்லாமல் போயின. ஒன்டாரியோவில் 2014 அக்டோபரிலிருந்து, எரிபொருளில் ஓடும் சாதனமோ ஒட்டிய கார் ஷெட்டோ உள்ள வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்று சட்டம். அது அவர்கள் வீட்டில் சாதாரணம். இங்கே சட்டமில்லை. ஆன்லைனில் கிடைக்கிறது, பேட்டரியில் ஓடும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர் அந்த நாற்பதாயிரத்தோடு இதையும் வாங்கிப் படுக்கையறையில் மாட்டலாம். சமையல் கேஸ் கசிவுக்கு விற்கிற கருவி வேறு, இது வேறு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று தலையில் கட்டப் பார்ப்பார்.

சரி, ஜென்செட்டை எங்கேதான் வைப்பது? அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி என்கிறது. சின்ன இன்ஜின்தானே என்று நினைக்கிறோம்; நூற்றுக்கணக்கான கார்கள் கக்குகிற கார்பன் மோனாக்சைடை ஒரு கையடக்க ஜெனரேட்டர் கக்கும் என்று அதே ஆணையம் சொல்கிறது. காரில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது, இதில் இல்லை. ஆகவே போர்ட்டிகோ, மாடிப்படிக்கு அடி, பின்கட்டு, கதவு திறந்த ஷெட், ஜன்னல் திறந்த ஹால் எதுவும் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் பொய். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று. வீட்டுக்குக் கிழக்கே வைத்தால் புகையை நேராக வீட்டுக்குள் ஊதிவிடும். காற்று போகிற பக்கமாக வைத்து, சைலன்சர் வாய் வீட்டைப் பார்க்காமல் திருப்ப வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது, அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு.

எங்கள் அண்ணன் இப்போது கம்பவுண்டு மூலையில் நாலு கழி நட்டு, மேலே தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்துவிட்டிருக்கிறார். தரையிலிருந்து இரண்டு ஹாலோ பிளாக் உயரம். ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. தூங்கப் போகும்போது அணைத்துவிடுகிறார், ஃபிரிட்ஜ் விடியும்வரை தாங்கும் என்று கண்டுபிடித்துவிட்டார். மழை, திருடன், புகை மூன்றுக்கும் ஆயிரத்துச் சொச்ச ரூபாயில் வழி கிடைத்தது. இன்னொன்று, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு லைனில் சொருகினால் கரண்ட் திரும்பிப் போய்க் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனை அடிக்கும். நமக்காக மழையில் ஏறுகிறவர் அவர்.

போன தடவை புயல் வருமுன் எங்கள் தெருவில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். கடலுக்குப் போகாதே, மெழுகுவர்த்தி வாங்கிவை, ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்து, முகாமுக்கு வா. எல்லாம் தேவையான சொல். அதோடு இன்னும் ஒரு வரி வேண்டும்: ஜெனரேட்டரையும் தணலையும் வீட்டுக்குள் வைத்துத் தூங்காதீர்கள். பஞ்சாயத்தில் இருப்பவர்கள், வி.ஏ.ஓ.க்கள், மீனவர் சங்கத்தார், ஆஷா அக்காமார் யாராவது இதைப் படித்தால் இந்த ஐப்பசிக்குள் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். மற்றவர்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலாவது போடுங்கள். புயல் வந்த பிறகு டவர் இருக்காது, இப்போதே போட்டுவிடுங்கள்.